தெக்கோங்கிலிருந்து வருபவனுக்கு எந்த கேம்?

“மாமா, ஒரே ஒரு கேம்தான் வாங்கப் போறேன். எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

அக்கா மகன் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியில் சேர்ந்து, சிங்கப்பூரின் தெக்கோங் தீவுப் பயிற்சி முகாமிலிருந்து முதல் முறையாக வீட்டுக்கு வந்திருந்தான். தலை மொட்டை, முகம் கறுத்து, கழுத்தில் பட்டையாக வெயில் தடம். மீன் கறியைச் சோற்றில் பிசைந்துகொண்டே கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினான். நாலு பெயர் எழுதி வைத்திருந்தான். முதல் அலவன்ஸ் வந்ததும் அதில் ஒன்றை வாங்குவதாகத் திட்டம்.

நாலையும் நான் ஆடி முடித்தவன்தான். இருந்தும் உடனே பதில் சொல்ல வரவில்லை. சனிக்கிழமை வருபவன் ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்ப வேண்டும். தூக்கம், துவைக்க வேண்டிய துணி, நண்பர்கள், பாட்டி எல்லாவற்றையும் கழித்தால் அவனுக்கென்று மிஞ்சுவது நாலு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஐந்து. அந்த நேரத்தை எதில் போடுவது என்பதுதான் அவன் கேட்டது. வீட்டில் கருவி இரண்டு உண்டு. ஒன்று அவனுடைய நிண்டெண்டோ சுவிட்ச். இன்னொன்று கூடத்து டிவியில் இணைத்திருக்கும் பிளேஸ்டேஷன் 5. சனிக்கிழமை இரவு காற்பந்து தொடங்கிவிட்டால் அந்த டிவி அத்தானுடையது. யாரும் கிட்டே போக முடியாது. இதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, அன்றிரவு செங்காங்கிலிருந்து ஈசூன் திரும்பும் வழியெல்லாம் யோசித்ததை எழுதுகிறேன்.

கேம் என்றால் நான் மூன்றைத் தனித்தனியாகப் பார்ப்பேன். குதிப்பது, ஏறுவது, குறிபார்ப்பது, எப்போது அடிப்பது எப்போது ஓடுவது என்று முடிவெடுப்பது, இப்படிக் கை செய்கிற அத்தனையும் ஆட்டம். யாருக்கு என்ன நேர்கிறது, ஏன் நேர்கிறது என்பது கதை. படம், இசை, குரல், முகபாவம், வெளிச்சம் எல்லாம் சேர்ந்தது தோற்றம். யூடியூபில் முன்னோட்டம் பார்க்கும்போது நம்மை இழுப்பது தோற்றம். கதையின் வாசனை கொஞ்சம் வரும். ஆட்டம் மட்டும் தெரியவே தெரியாது. கையில் எடுத்தால்தான் தெரியும். காசை முன்னாலேயே கொடுத்திருப்போம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய கேமை வெளிவந்த அன்றே முழு விலை கொடுத்து வாங்கினேன். மழை நனைத்த தெருவில் கடை விளக்குகள் உடைந்து மின்னும் ஒரே ஒரு காட்சி என்னை மயக்கியிருந்தது. அந்தத் தெரு உண்மையிலேயே அவ்வளவு அழகு. முதல் நாள் அதில் சும்மா நடந்தேன். மூன்றாவது வாரம் நிறுத்திவிட்டேன். சுவருக்குப் பின்னால் குனி, தலையைத் தூக்கு, சுடு, மறுபடி குனி: எல்லாச் சண்டையும் இது ஒன்றுதான். அழகான தெருவை இருபதாவது தடவை கடக்கும்போது அது அலுவலகத்துக்குப் போகும் வழி மாதிரி ஆகியிருந்தது. கண் எதற்கும் சீக்கிரம் பழகிவிடுகிறது.

டெட்ரிஸை நினைத்துப் பாருங்கள். 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதியது. கதையும் இல்லை, ஆளும் இல்லை. விழுவது ஏழு வகைக் கட்டைகள். அக்கா பள்ளி நாள்களில் கேம் பாய் என்ற கையடக்கக் கருவியில் ஆடினாள். இன்று ஐம்பதை நெருங்குகிறாள். எம்ஆர்டி ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் கைப்பேசியில் அதையேதான் எடுக்கிறாள். கைக்குப் பிடித்துப்போனது பழகப் பழக ருசிக்கும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

அதனால் ஆட்டமா, கதையா என்று யாராவது கேட்டால் ஆட்டம் என்று சொல்லிவிடுவேன். ஆனால் அவனுடைய நாலு கேமையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தபோது, இத்தனை நாள் சொல்லிவந்த அந்தப் பதில் பாதிதான் சரி என்று பட்டது.

பட்டியலில் முதல் பெயர் செல்டா. அந்தத் தொடரில் ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’, 2017 மார்ச்சில் சுவிட்ச்சோடு சேர்ந்தே கடைக்கு வந்தது. நூறு வருடத் தூக்கத்திலிருந்து நாயகன் லிங்க் எழுந்து குகைக்கு வெளியே ஓடிவந்து ஒரு பாறை விளிம்பில் நிற்பான்; கீழே நாடே விரிந்து கிடக்கும். கண்ணுக்குத் தெரியும் மலைக்கெல்லாம் நடந்தே போகலாம். தொடக்கப் பகுதியில் பனி மலை ஒன்று வரும். வெறும் சட்டையோடு ஏறினால் குளிரில் உயிர் குறைந்துகொண்டே போகும். என்ன செய்வது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் கீழே காய்த்துக் கிடந்த மிளகாயைப் பறித்துச் சட்டியில் போட்டுச் சமைத்துத் தின்றுவிட்டு ஏறினேன். காரம் உடம்பைச் சூடாக வைத்திருந்தது. என் நண்பர் ஒருவர் எரிகிற தீப்பந்தத்தைக் கையில் பிடித்தபடியே ஏறியிருக்கிறார். அந்தப் பகுதியில் இருக்கும் ஒரு கிழவருக்குப் பிடித்த சமையலைச் செய்துகாட்டினால் அவரே குளிருக்குச் சட்டை கொடுப்பார் என்பது எங்கள் இருவருக்கும் பிறகுதான் தெரிந்தது. மூன்றும் சரியான வழிதான்.

இதில் மழை பெய்தால் பாறை வழுக்கும். இடி இடிக்கும் நேரத்தில் முதுகில் இரும்பு வாள் இருந்தால் பொறி பறக்கத் தொடங்கும். கழற்றாவிட்டால் மின்னல் தலையில் இறங்கும். கழற்றி எதிரியின் காலடியில் எறிந்தால் அவன் தலையில் இறங்கும். புல்லில் நெருப்பு வைத்தால் சூடான காற்று மேலெழும். அதில் பாராசூட் துணியை விரித்தால் நாமும் மேலே போகலாம். நெருப்பு, நீர், காற்று, இரும்பு எல்லாம் ஒன்றோடொன்று என்ன செய்யும் என்ற விதிகளை வைத்துவிட்டு, மற்றதை நம் கையில் விட்டுவிட்டார்கள். இதைச் சோதிக்க முதலில் பழைய செல்டா போலத் தட்டையான ஒரு சின்ன மாதிரியைத்தான் செய்து பார்த்தார்களாம். 2017-இல் அமெரிக்காவில் நடந்த உருவாக்குநர் மாநாட்டில் அவர்களே அதைக் காட்டினார்கள். ஆட்டம் முதலில், அலங்காரம் பிறகு.

கதை? மெலிந்த கதை. இளவரசி, கோட்டை, நூறு வருடமாக அடைபட்ட தீமை. பழைய நினைவுகள் அங்கங்கே குட்டிக் காட்சிகளாக வரும். குரல் நடிப்பு ஒட்டவில்லை. தோற்றத்தைக் குறை சொல்ல மாட்டேன். முகங்களில் நுணுக்கம் இல்லைதான். ஆனால் தூரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் கோயில், மலைக்கு மேல் வித்தியாசமாகத் துருத்தும் ஒரு கல், ஒற்றைப் புகை எல்லாமே ‘இங்கே வா’ என்று கூப்பிடும். ஆட்டத்துக்குக் கைகொடுக்கும் தோற்றம் இதுதான்.

ஈசூனில் ஜன்னலுக்கு வெளியே டிசம்பர் மழை கொட்டிக்கொண்டிருக்க, கேமுக்குள்ளும் மழை பெய்து, பாதிப் பாறையில் ஏற முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எரிச்சல்பட்டேன். பிறகு பக்கத்துப் பொந்தில் ஒதுங்கி, அடுப்பு மூட்டி, மழை விடும்வரை உட்கார்ந்திருந்தேன். எந்தக் கதாசிரியரும் எழுதித் தராத காட்சி அது.

இவ்வளவு சொல்லியும் அவனுக்கு இது வேண்டாம் என்றே தோன்றுகிறது. 120 கோயில்கள், முக்கியப் பாதையை மட்டும் பிடித்துப் போனாலும் ஏறக்குறைய 50 மணி நேரம். வாரம் நாலு மணி நேரம் என்றால், இதை முடிப்பதற்குள் அடிப்படைப் பயிற்சியே முடிந்துவிடும். நீளத்தைவிடப் பெரிய சிக்கல், இதில் நிறுத்துமிடம் கிடையாது. இந்த மலையை மட்டும், அந்தக் கோயிலை மட்டும் என்று ஞாயிறு விடியும்வரை கொண்டுபோகும். தூக்கம் கெட்டு முகாமுக்குப் போவது நல்லதில்லை. பள்ளி விடுமுறையில் இருப்பவர்கள், நீண்ட விடுப்பில் இருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம்.

இரண்டாவது, ‘த லாஸ்ட் ஆஃப் அஸ்’. 2013-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தது. 2022-இல் பிளேஸ்டேஷன் 5-க்காக மறுபடி செய்தார்கள். பூஞ்சைத் தொற்றில் நாடு சிதைந்து 20 வருடமான பிறகு, மகளை இழந்த ஜோயல், எல்லி என்ற சிறுமியை அமெரிக்காவின் குறுக்கே கூட்டிப் போகிறான். செல்டா கையை நம்புகிறது. இது கதையை நம்புகிறது. முகத்தில் ஒரு தசை அசைவதைக்கூடப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

ஆட்டம் மோசமில்லை. இரண்டே குண்டு மிச்சம், நாலு பேர் தேடிவருகிறார்கள், செங்கல்லை எறிந்து திசை திருப்புவதா, பாட்டிலை வைத்திருப்பதா என்று உள்ளங்கை வேர்க்கும். ஆனால் நடுநடுவே ஏணி எடுப்பது, பலகை தள்ளுவது. எல்லிக்கு நீந்தத் தெரியாது. அதனால் தண்ணீர் வந்தால் மிதக்கும் பலகை தேடி அவளை ஏற்றி அக்கரை சேர்க்க வேண்டும். உயரமான இடம் வந்தால் ஜோயல் சுவரோரம் நின்று கையைக் கோத்து அவளைத் தூக்கிவிட வேண்டும். அவள் மேலிருந்து ஏணியை இறக்குவாள். முதலிரண்டு முறை சரி. அதற்கப்புறம் இதென்ன வேலை என்று அலுத்துவிட்டது.

கடைசிப் பகுதிக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அங்கேயும் ஓர் உயரமான இடம். வழக்கம் போல முக்கோணப் பொத்தானை அழுத்தினேன். ஜோயல் சுவரோரம் போய் நின்று கையைக் கோத்தான். எல்லி வரவில்லை. திரும்பிப் பார்த்தால், தூரத்தில் தனியாக உட்கார்ந்து எங்கேயோ வெறித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஒரு வசனம்கூட இல்லாமல் என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த நிமிடம் அவள் ஏணியைப் பாதியில் போட்டுவிட்டு ஓடுகிறாள். பின்னாலேயே ஓடினால், இடிந்த கட்டடத்துக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி இலை மேய்ந்துகொண்டிருக்கிறது. 2023-இல் இதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது அந்த ஒட்டகச்சிவிங்கியும் வந்தது. நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். பத்து மணி நேரமாக ஏணி வாங்கிப் பழகிய கை பார்ப்பவருக்கு இல்லை. அதனால் எல்லி வராத அந்த மூன்று வினாடி அவருக்குக் கனக்காது.

நான் அலுத்துக்கொண்ட அதே ஏணிதான் என்னை அழவைத்தது. ஆட்டம், கதை என்று இரண்டு தட்டில் வைத்து எடைபோடுவது எல்லா இடத்திலும் செல்லாது என்று ஒத்துக்கொள்ள வைத்ததும் அந்த ஏணிதான். கை ஒரு வேலையைச் செய்து செய்து பழகியிருக்க வேண்டும். கதை அந்தப் பழக்கத்தின்மேல் வந்து உட்கார வேண்டும். அப்படி அமைந்தால் இரண்டில் எது பெரிது என்ற கேள்வியே எழாது.

அமையாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பட்டியலின் மூன்றாவது பெயரே உதாரணம். ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’, 2018 அக்டோபர். தோற்றம் என்று பார்த்தால் இதற்கு மேல் நான் எதையும் பார்த்ததில்லை. குதிரையின் மூச்சு பனியில் புகையாகும். சேற்றில் விழுந்தால் சட்டை அப்படியே சேறாகும். அலமாரியைத் திறந்தால் ஒவ்வொரு டப்பாவையும் ஆர்தர் மோர்கன் தன் கையால் எடுத்துப் பையில் போடுவான். 1899-இல் கொள்ளைக்காரக் கூட்டம் ஒன்று சிதறிப்போகும் கதை. ஆர்தரைப் போல மனதில் தங்கிய பாத்திரங்கள் சினிமாவில்கூட எனக்குக் குறைவு.

ஆனால் இது இரண்டு கேம். ஒன்றில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், மீன் பிடிக்கலாம், மானைத் தேடலாம். பணி ஒன்றைத் தொடங்கிய நிமிடமே அது இன்னொரு கேம். வரைபடத்தில் காட்டும் மஞ்சள் கோட்டிலிருந்து விலகினால் தோல்வி. பின்பக்கமாகச் சுற்றிப் போய்த் தாக்கலாம் என்று புத்திசாலித்தனமாக யோசித்தால், கூட்டாளியைக் கைவிட்டாய் என்று சொல்லித் தோல்வி. நாடு முழுவதையும் கையில் கொடுத்தவர்கள் பத்தடி வழியை நம்பிக் கொடுக்கவில்லை. எனக்கு இது உண்மையாகவே வலித்தது, ஏனென்றால் மற்றதெல்லாம் அவ்வளவு பிடித்திருந்தது. கதை ஒன்றைச் சொல்ல, கை வேறொன்றைச் செய்யும் இந்த முரணுக்குக் கேம் உலகில் பெயரே உண்டு: லூடோநரேட்டிவ் டிஸொனன்ஸ். கிளின்ட் ஹாக்கிங் என்ற வடிவமைப்பாளர் 2007-இல் ‘பயோஷாக்’ என்ற கேம் பற்றி எழுதும்போது புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல்.

இதை அடுத்த வாரம் அவனிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். துப்பாக்கி அழுக்கானால் எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சுடும் திறன் குறையும் என்றேன். நிமிர்ந்து பார்த்தான். “வாரம் பூரா ரைஃபிள்தான் மாமா துடைக்கிறேன். வீட்டுக்கு வந்தும் அதேவா?” அதோடு அந்தப் பெயரை அவனே அழித்துவிட்டான். எப்படியும் ஒரு வாரம் விட்டு எடுத்தால் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே மறந்துபோகும் கேம் அது. ஓய்வு பெற்றவர் யாராவது கேட்டால் சந்தோஷமாகப் பரிந்துரைப்பேன்.

அலுவலக நண்பர் ‘டிஸ்கோ எலிசியம்’ வாங்கித் தரச் சொன்னார். 2019-இல் வந்தது, சண்டையே கிடையாது, எல்லாம் பேச்சு. பத்து லட்சம் சொல்லுக்கு மேல் படிக்க வேண்டும். அபாரமான எழுத்து. விடியற்காலை எழுந்து ஓடிவிட்டு வருகிறவனுக்கு இரண்டாவது பக்கத்திலேயே கண் சொருகும்.

நாலாவது, ‘ஹேடீஸ்’. சூப்பர்ஜயன்ட் கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2020-இல் முழுமையாக வெளியிட்டது. கிரேக்கப் பாதாள லோகம். அதன் அரசன் ஹேடீஸின் மகன் ஸாக்ரியஸ், அப்பாவின் வீட்டிலிருந்து தப்பி மேலுலகம் போகப் பார்க்கிறான். அறை அறையாகச் சண்டை. ஆறு வகை ஆயுதத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வழியில் ஒலிம்பஸ் தேவர்கள் ஆளுக்கொரு வரம் தருவார்கள். ஸூஸ் தந்தால் வாள்வீச்சில் மின்னல், பொசைடன் தந்தால் அடிக்கும் அடியில் அலை. எந்த வரம் எப்போது வரும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். அதனால் ஒரு முறை ஆடிய ஆட்டம் மறுமுறை வராது. செத்தால் திரும்ப அப்பாவின் வீட்டுக்கே, ரத்தக் குளத்திலிருந்து எழுந்து வர வேண்டும்.

இந்த வகைக் கேம்களில் சாவது ஒரு தண்டனை. எல்லாம் போயிற்று, முதலிலிருந்து தொடங்கு. இங்கே கதை நகர்வதே செத்தால்தான். எழுந்து வந்தால் வாசலில் ஹிப்னோஸ் தூக்கக் கலக்கத்தோடு கையிலிருக்கும் பட்டியலைப் பார்த்து, இந்த முறை எதனால் செத்தாய் என்று சொல்லி ஒரு யோசனையும் தருவான். அப்பா மேசையில் குவிந்த காகிதங்களிலிருந்து தலையைத் தூக்காமலே ஒரு வார்த்தை குத்துவார். அவர் பக்கத்தில் மூன்று தலை நாய், தடவிக்கொடுக்கலாம். முதல் எல்லையில் வழிமறித்து நம்மைச் சாட்டையால் விளாசிய மெகேரா, பிறகு பார்த்தால் வீட்டு ஓய்வறையில் தனியாக உட்கார்ந்திருப்பாள், பேச்சுக் கொடுக்கலாம். குரலோடு பதிவான வசனங்கள் 20,000-க்கும் மேல். அறுபது எழுபது முறை செத்தும் எனக்கு அதே பேச்சைத் திரும்பக் கேட்ட நினைவு அரிது.

வீட்டை விட்டுப் போகத் துடிப்பவன் திரும்பத் திரும்ப வீட்டுக்கே வந்து விழுகிறான். வரும்போதெல்லாம் வீட்டு மனிதர்களை இன்னும் கொஞ்சம் புரிந்துகொள்கிறான். கை தோற்கிறது, மனசு முன்னே போகிறது. ‘த லாஸ்ட் ஆஃப் அஸ்’ அந்த ஒரே ஒரு ஏணியில் செய்ததை ‘ஹேடீஸ்’ ஒவ்வொரு சாவிலும் செய்கிறது. 2021-இல் ஹியூகோ விருதில் வீடியோ கேமுக்கென்று ஒரு சிறப்புப் பிரிவு வைத்தபோது அதை இது வென்றது. அறிவியல் புனைவுக்கும் மிகைபுனைவுக்கும் கொடுக்கும் விருது அது.

தோற்றத்தில் பெரிய நிறுவனங்களின் பணம் தெரியாது. கையால் வரைந்த அழுத்தமான கோடுகள், கிதார் உறுமும் இசை. அந்த இசையை அமைத்த டேரன் கார்ப்தான் ஸாக்ரியஸுக்குக் குரலும் கொடுத்திருக்கிறார். சுவிட்ச்சின் சின்னத் திரையில் எதுவும் குறையவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். முதல் ஐந்தாறு மணி நேரம் சில பேருக்குச் சலிக்கலாம். அதே முதல் பகுதியைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டியிருக்கும். கதையின் முடிவைப் பார்க்கப் பத்து முறை வெற்றிகரமாகத் தப்பிக்க வேண்டும், ஒரு முறை போதாது. கை வேகம் இல்லாதவர்களுக்கு ‘காட் மோட்’ என்ற ஏற்பாடு உண்டு: அதைப் போட்டால் அடி 20 சதவீதம் குறைவாக விழும், ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2 சதவீதம் குறையும். இதைப் போட வெட்கப்பட வேண்டாம் என்று அக்கா மகனிடமும் சொன்னேன். கதையைக் கையால் ஆடித் தெரிந்துகொள்வது முக்கியம். கஷ்டப்பட்டோம் என்று காட்டுவது முக்கியமில்லை.

பட்டியலில் இல்லாத ஒன்றை நானே சேர்த்தேன்: ‘வெண்பா’. டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா, பாவலன், அங்கே பிறந்த மகன் கவின். வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த பழைய சமையல் குறிப்பு கிழிந்து, கறைபட்டு, பாதி வரி இல்லாமல் கிடக்கும். விட்டுப்போனதை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். இதுதான் ஆட்டம்.

இதை அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடினேன். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கேம் என்றாலே சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்பார். முதல் சமையல் இட்லி. குறிப்பில் தட்டு அடுக்கும் இடம் கிழிந்திருந்தது. நான் ஒன்றின்மேல் ஒன்றாக நேராக அடுக்கினேன். அம்மா என் கையைத் தட்டினார். “குழிக்கு மேல குழி வைக்காதடா. மேல் தட்டு கீழ இருக்கிற இட்லியை அமுக்கிடும். ஆவி எப்படி ஏறும்? திருப்பி வை.” திருப்பி வைத்தேன். இட்லி பூத்து வந்தது. அம்மா முகத்தில் வந்த அந்த நிமிர்வை நான் பல வருடமாகப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் எந்தக் கட்டத்திலும் என்னை முதலில் தொட விடவில்லை. பள்ளிக்கூடத்தில் கவின் தன் பெயரைக் கெவின் என்று மாற்றிச் சொல்லும் இடத்துக்கு வந்தபோது வசனத்தைப் படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இந்தப் பையன் பின்னால சமைக்கக் கத்துக்குவானா?” என்று மட்டும் கேட்டார்.

என் அளவுகோலில் ‘வெண்பா’ தோற்றிருக்க வேண்டும். ஆட்டம் எளிது, ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் மறுமுறை புதிர் இல்லை. ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இருந்தும் என் வீட்டில் இதற்கு ஈடாக எந்த கேமும் நடந்ததில்லை, ஏனென்றால் விடை அம்மாவின் கையில் ஐம்பது வருடமாக இருந்தது. 2024-இல் முதல் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. இதை வாங்கச் சொல்லி அவனிடம் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை ஈசூனுக்கு வந்து பாட்டியோடு என் கருவியிலேயே ஆடச் சொன்னேன்.

வாங்குகிறவர்களுக்குக் காசு விஷயமும் உண்டு. ‘த லாஸ்ட் ஆஃப் அஸ்’ போலக் கதையை நம்பும் கேமை டிஸ்க்காக வாங்குவதே நல்லது. ஏறக்குறைய 15 மணி நேரத்தில் முடியும். முடித்ததும் பழைய பொருள் விற்கும் கரோசல் செயலியில் போட்டால் போட்ட காசில் கணிசமான பங்கு திரும்பிவிடும். ஆட்டத்தை நம்பும் கேமை விற்க மனசு வராது. அதைத் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து தரவிறக்கிக்கொள்ளலாம், கருவியிலேயே இருக்கட்டும். சிங்கப்பூரில் 2008 முதல் வீடியோ கேம்களுக்கு வயது வகைப்பாடு இருக்கிறது. எம்18 முத்திரை போட்டதைப் பதினெட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கடையில் விற்கக் கூடாது. அவனுக்கு அந்த வயது வந்துவிட்டது. அவன் தங்கை தொடக்கநிலை நாலு. அவள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது ‘த லாஸ்ட் ஆஃப் அஸ்’ ஓடுவதை அக்கா சம்மதிக்க மாட்டாள், சம்மதிக்கவும் கூடாது. அந்தக் குட்டிக்கு ‘கேட் குவெஸ்ட்’ தொடரைச் சொன்னேன். இங்கேயே, சிங்கப்பூரில் இருக்கும் த ஜென்டில்பிரோஸ் 2017-இல் தொடங்கிய தொடர். இரண்டாவது பாகத்தைப் பூனையும் நாயுமாக இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். கதை சாதுவானது, கைக்குச் சுலபம்.

அவனுக்கு நான் சொன்னது ‘ஹேடீஸ்’, சுவிட்ச்சில். ஒரு முறை தப்பிக்கப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும். சாப்பிடக் கூப்பிட்டால் அறைக்கு அறை சேமித்து நிறுத்தலாம். அத்தானிடம் டிவி கேட்க வேண்டாம். ஐந்து நாள் கழித்து எடுத்தாலும் கதை எங்கே நின்றது என்று தேட வேண்டாம், வாசலில் நிற்பவனே சொல்லிவிடுவான். டிவியும் இரவுகளும் அவனுக்குத் தாராளமாக இருந்திருந்தால் ‘த லாஸ்ட் ஆஃப் அஸ்’ என்றுதான் சொல்லியிருப்பேன். செல்டா அட்டையை நானே கொடுத்தேன், பயிற்சி முடிந்து நீண்ட விடுப்பு கிடைக்கும்போது எடுக்கச் சொல்லி.

போன ஞாயிறு மாலை அவனைப் பாசிர் ரிஸ் பேருந்து நிலையம்வரை கொண்டுபோய் விட்டேன். பச்சைச் சீருடையில் பையன்கள் பெரிய பெரிய பைகளோடு வரிசையில் நின்றார்கள். ஓர் அம்மா பிளாஸ்டிக் டப்பாவில் எதையோ திணித்துக்கொண்டிருந்தார். பேருந்துக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

“ஹேடீஸ்ல எலிசியம் பகுதி வரைக்கும் போயிட்டேன் மாமா. அங்க ரெண்டு பேர் சேர்ந்து அடிக்கிறாங்க, தாங்க முடியல.”

“முதல்ல காளை மாட்டுக்காரனை முடி. கேடயம் வச்சிருக்கிறவன் முன்னால நிக்காதே, முதுகுப் பக்கம் போய் அடி.”

தலையாட்டினான். வரிசை நகர்ந்தது. பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வலது கட்டைவிரலை மட்டும் இரண்டு முறை காற்றில் அழுத்திப் பார்த்துவிட்டுப் பேருந்தில் ஏறினான்.